நஞ்சில்லாத் தோட்டத்துப் பள்ளி

கம்பம் பள்ளத்தாக்கின் கல்வி வரலாற்றை இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்வது வசதி. முதல் பாகம் மனிதன் தோன்றிய நாள்முதல் இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆனி மாதம் பதினோராம் தேதி வரைக்கும். அதில் குறிப்பிடும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாகம் அன்று காலை ஒன்பதே கால் மணிக்கு, ராயப்பன்பட்டிக்குத் தெற்கே மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டத்தில் தொடங்கியது. விஜய்பாண்டி, தன் மகள்கள் இருவரும் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டார்கள் என்று செல்போன் கேமராவைப் பார்த்து அறிவித்தான். அந்த மாபெரும் தருணத்துக்கு நேர்சாட்சிகளாக அவன் மனைவி ஹேமாவதியும், காய் கிள்ள வந்த இரண்டு பெண்களும், பக்கத்துத் தோட்டத்து எருமை ஒன்றும் இருந்தார்கள். எருமை மட்டும் கடைசிவரை நின்று கேட்டது.

கோயம்புத்தூரில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் விஜய்பாண்டி. ஒரு நாள் காலை தான் உட்கார்ந்திருப்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பினான். அப்பாவின் தோட்டத்தை இயற்கைத் தோட்டமாக மாற்றினான். பிறகு பிள்ளைகளை மாற்றும் வேலையில் இறங்கினான். வகுப்பறை ஒரு ஜெயில். பாடப்புத்தகம் ஒரு விலங்கு. குழந்தை பிறந்தது கேள்வி கேட்பதற்கே தவிரப் பதில் சொல்வதற்கல்ல என்றான். அந்த வீட்டில் 'கூடாது' என்ற சொல் தடை செய்யப்பட்டது. பிள்ளையிடம் எதையாவது கேட்டால் அது பதில் சொல்லக் கூடாது, திரும்பக் கேள்வி கேட்க வேண்டும், கேட்டால் கைதட்டு. தடை செய்யப்பட்ட சொல்லை இங்கே பயன்படுத்தியதற்கு மன்னிக்கவும், வேறு வழியில் சொல்ல முடியவில்லை.

இந்தச் சிந்தனைகளைப் பின்தொடர்ந்தவர்கள் நாலாயிரத்து இருநூறு பேர். இவற்றை நடைமுறைப்படுத்தியது ஒரே ஆள், ஹேமாவதி.

கெங்குவார்பட்டிக்காரி. மாந்தோப்புக் குடும்பம். பி.எட். படித்தவள். காலையில் கேப்பை மாவு கிண்டும்போதே மூத்தவள் சுபாஸ்ரீக்கு வகுத்தல் கணக்கு ஓடும். அரிசியை அரைப்படி, கால்படி என்று அளந்து போடுவதில் பின்னம். இளையவள் பவானிக்கு கழுவிக் காய்ந்த சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுத்து. தலை பின்னும்போது வாய்ப்பாடு. வாய்ப்பாடு என்பது மனப்பாடம், மனப்பாடம் என்பது வன்முறை என்று விஜய்பாண்டி ஒரு காணொளியில் நிரூபித்திருந்தபடியால், அவன் பம்புசெட்டுப் பக்கம் போகும் நேரமாகப் பார்த்துத்தான் அவள் தலை பின்ன உட்காருவாள். எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் இரட்டைச் சடையிலேயே முடிந்துவிட்டது. அவன் திரும்பி வந்து, "பாத்தியா ஹேமா, யாரும் சொல்லித் தராமலே பிள்ளைக்குக் கணக்கு வருது" என்பான். அவள் ஆமாம் என்பாள்.

பழக் காலத்துச் சனி ஞாயிறுகளில் மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து குடும்பங்கள் காரில் வரும். பந்தலுக்கு அடியில் நின்று குழந்தைகள் திராட்சையைப் பறித்துக் கழுவாமல் தின்பதை விஜய்பாண்டி படம் எடுப்பான். "கழுவுறதுக்கு இங்க என்ன இருக்கு? இது நஞ்சில்லாத் தோட்டம்." அவன் மகள்களும் அப்படித்தான் வளர்ந்தார்கள். காய் பழுத்ததா என்பதை நாக்கால் தெரிந்துகொள்வது அந்த வீட்டில் ஒரு பாடம்.

திராட்சைக்கு இந்தப் பாடத்திட்டம் தெரியாது. ஆனியிலும் ஆடியிலும் கேரளா மலையைத் தாண்டி இறங்குகிற சாரல் பந்தலுக்குள் புகுந்து நாள் கணக்கில் நின்றுகொள்ளும். இலையில் செவட்டை நோய் விழும். கொத்துக்கு நடுவில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாகக் குடியேறும். விஜய்பாண்டி பஞ்சகவ்யா அடித்தான். வேப்பெண்ணெய் அடித்தான். மாவுப்பூச்சி இரண்டையும் குடித்துக் கொழுத்தது. அடுத்தடுத்து இரண்டு போகம் குப்பைக்குப் போனது. மூன்றாவது போகத்திலிருந்து, ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால், கூலிக்கு மருந்தடிக்கும் அம்மாவாசி தன் பவர் ஸ்பிரேயரோடு வந்து போக ஆரம்பித்தார். சத்தம் கேட்டு விசாரித்தவர்களிடம் பஞ்சகவ்யா என்று சொல்லப்பட்டது. வீட்டிலும் அதுவே சொல்லப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமையும் அம்மாவாசி வந்திருந்தார். அறுபது வயது. மருந்தடித்தே இடது கண் எப்போதும் சிவந்திருக்கும்.

"தம்பி, கிழக்க எட்டு வரிசைக்கு அடிச்சாச்சு. கரண்டு போயிருச்சு. மேக்க ஏழு வரிசை கெடக்கு."

"மிச்சத்தப் பெறகு பாத்துக்கலாம்ணே."

"பிள்ளைகள கிழக்க விட்றாதீக. காய் பழமாகுற நேரம். பத்துப் பதினஞ்சு நாளைக்கு வாயில வைக்கப்படாது. ஒரு சேப்புத் துணியக் கட்டிவிடட்டா? எல்லாத் தோட்டத்துலயும் கட்டுவாக."

"வேணாம்ணே. ஞாயித்துக்கிழமை மதுரையிலருந்து ஆளுக வர்றாக, பழந் திங்க இல்ல, சும்மா பாக்கத்தான். துணியப் பாத்தா கேள்வி கேப்பாக."

"கேள்வி கேக்கத்தான தம்பி சொல்லிக் குடுக்கீக" என்றார் அம்மாவாசி. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மருந்து பாட்டில்களைச் சாக்கில் சுருட்டிப் பம்புசெட்டு அறைக்குள் வைத்தார். விஜய்பாண்டி பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

எட்டு மணிக்கு அவன் தேனிக்குக் கிளம்பியாக வேண்டும். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்தரங்கு. தலைப்பு 'அச்சமில்லாக் கல்வி, நஞ்சில்லா உணவு'. கிளம்பும்போது பிள்ளைகளிடம் கிழக்குப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்வதற்குரிய சொல் வீட்டில் இல்லை. ஹேமாவதி அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் காரணம் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

"பவானிக்குட்டி, இன்னைக்கு மழையாருக்கு. வீட்டுக்குள்ளயே புதையல் தேடலாமா?"

"ஏன் வெளிய தேடினா புதையல் வராதா?"

"நல்ல கேள்வி" என்றான் விஜய்பாண்டி. கைதட்டினான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

பத்தே முக்காலுக்குச் சாரல் கொஞ்சம் விட்டிருந்தது. ஹேமாவதி துவைத்த துணிகளை வீட்டுக்குள் கட்டிய கொடியில் போட்டுக்கொண்டே சுபாஸ்ரீக்கு ஒரு நீள வகுத்தல் கொடுத்திருந்தாள். பவானி வெளியிலிருந்து வந்தாள். பாவாடை முன்பக்கம் முழுக்க ஊதாக் கறை. பேசாமல் வந்து, அரிசி மூட்டைமேல் கவிழ்ந்து படுத்தாள். ஒரு இடத்தில் அரை நிமிஷம் இருக்காத பிள்ளை.

"என்னடி படுத்துட்ட?"

"படுத்தா என்ன?"

"வகுறு வலிக்குதா?"

"வகுறு எதுக்கு வலிக்கும்?"

ஹேமாவதி சிரிக்கப் போனாள். அதற்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, தரையெல்லாம் வாந்தியெடுத்தது. தோல், விதை, ஊதா நீர். துடைத்துவிடக் குனிந்தவள், கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்தாள். துடைத்தாள். மறுபடி இறங்கியது. கழுத்தெல்லாம் வேர்வை. சாரல் காற்றில் பெரியவர்களுக்கே குளிரெடுத்த நேரம்.

"பவானி, என்ன தின்ன?"

"நீ என்ன தின்ன?"

"அம்மா வெளையாடல. திராட்ச தின்னியா?"

"எந்தத் திராட்ச?"

"அதத்தான் கேக்கேன். எந்தப் பக்கம்? கிழக்கயா மேக்கயா?"

"கிழக்குன்னு யாரு பேரு வச்சா?"

"எத்தனடி தின்ன?"

"எத்தன வரைக்கும் எண்ணணும்?"

இரண்டு வருஷமாக ஒவ்வொன்றுக்கும் கைதட்டு வாங்கிய கேள்விகள். அதே கெட்டிக்காரச் சிரிப்போடு கேட்டது பிள்ளை. சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணியது. கையைத் தட்டுவார்களா என்று அம்மாவின் கையைப் பார்த்தது. ஹேமாவதி அந்தப் பிஞ்சு விரல்களைப் பிடித்து முகர்ந்தாள்.

பூண்டு அழுகின மாதிரி ஒரு வாடை. மாம்பூவுக்கு மருந்தடிக்கிற நாட்களில் கெங்குவார்பட்டியில் அவள் அப்பாவின் சட்டையிலிருந்து வரும் வாடை.

"அம்மாவாசித் தாத்தா விடியக்காலைல அடிச்சாக" என்றாள் சுபாஸ்ரீ. பென்சிலைக் கீழே வைத்திருந்தாள். "அப்பா பஞ்சகவ்யான்னு சொன்னாக. ஆனா மாட்டு வாடையே இல்லம்மா."

"அத ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"யாரு சொன்னாலும் நம்பாத, நீயே முகந்து பாருன்னு அப்பாதான சொன்னாக. முகந்து பாத்தேன்."

விஜய்பாண்டியின் போன் முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. அம்மாவாசியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மருந்தடிக்கிற நாட்களில் அதை அவர் பாலிதீன் பையில் சுற்றி எங்காவது வைத்துவிடுவார். பம்புசெட்டு அறைக்கு ஓடினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். கல்லை எடுத்து இரண்டு தரம் அடித்தாள். நல்ல பூட்டு. வருகிற வழியில் கிழக்குப் பந்தலைப் பார்த்தாள். கருக்க ஆரம்பித்திருந்த கொத்துகள் மீது, மழை படாத அடிப்பக்கம், வெளிறிய நீலத்தில் பொட்டுப் பொட்டாகக் காய்ந்திருந்தது. ஏழு வயசுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கிய கொத்துகளில் காம்புகள் மட்டும் இருந்தன. மூன்று கொத்து எண்ணினாள். அதற்குமேல் எண்ணப் பயமாக இருந்தது.

ரோட்டோரத்தில் சலீமின் வீடு. ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறுகிற ஜீப்பு அவனுடையது. மேலே மரம் விழுந்து பாதை அடைத்ததால் இன்று போகவில்லை. ஜும்மாத் தொழுகைக்காகக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பாலில்லாத கட்டன் சாயா ஆற்றிக்கொண்டிருந்தான். பிள்ளையைத் தோளில் போட்டு ஓடி வருகிறவளைப் பார்த்ததும் கிளாஸை அப்படியே சுவரில் வைத்தான்.

"என்னக்கா?"

"மருந்தடிச்ச பழத்தத் தின்னுட்டா."

"ஒங்க தோட்டத்துலயா?" என்றான். அதற்குமேல் கேட்கவில்லை. "ஏறுங்கக்கா. பாளையத்துக்கே போயிருவோம். லத்திபா டாக்டர் இருப்பாக."

பதினாறு பேர் நெருக்கி உட்காரும் ஜீப்பில் மூன்று பேர் இருந்தால் குழிக்குக் குழி தூக்கிப் போடும். ஹேமாவதி பவானியை மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். சுபாஸ்ரீ எதிரே உட்கார்ந்து அம்மாவின் போனில் அப்பாவை அழைத்துக்கொண்டே இருந்தாள். ஆனைமலையன்பட்டி தாண்டும்போது போன் தானாக ஒருமுறை அதிர்ந்தது.

"அப்பாவா?"

"இல்லம்மா. அப்பா நேரலையில் இருக்கிறார்னு வந்திருக்கு."

திறந்தாள். மண்டபத்து மேடை. பின்னால் பேனர். விஜய்பாண்டி கதர் ஜிப்பா போட்டு, கையை அகல விரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவன் போனை ஒரு கோலில் மாட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர் அமைப்பாளர் சுருளிராஜன். வருகிற அழைப்புகள் பேச்சைக் கெடுக்கக் கூடாது என்று ஒலியை நிறுத்தியிருப்பார் போல. ஜீப்புச் சத்தத்துக்கு மேலாகக் குரல் கேட்டது:

"...பயம்ங்கிற சொல்லே எங்க வீட்ல கிடையாது. என் பிள்ளைக மரத்துல ஏறும், கிணத்துல குதிக்கும், தோட்டத்துல எதப் பறிச்சும் அப்பிடியே திங்கும்..."

"பாப்பா, அதுல கீழ எழுதலாம்ல? எழுது" என்றாள் ஹேமாவதி.

"என்னன்னு?"

"பவானி கிழக்குப் பக்கத்துப் பழத்தத் தின்னு வாந்தி எடுக்கா. என்ன மருந்து அடிச்சீக. உடனே சொல்லுங்க."

சுபாஸ்ரீ எழுதினாள். ஒரு எழுத்து விடாமல் எழுதினாள், வேகமாகவும் எழுதினாள். சாக்பீஸில் தொடங்கியது வீண் போகவில்லை என்று நினைக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அவள் எழுதியது மேலே நகர்ந்து, 'அருமை அய்யா', 'வாழ்க வளமுடன்' ஆகியவற்றுக்கு நடுவில் போய் நின்றது. திரையில் விஜய்பாண்டி பேசிக்கொண்டே இருந்தான்.

அரை நிமிஷம் ஆனது. பிள்ளையின் மூச்சில் கரகரப்பு கேட்டது. உதடுகள் ஊதாவாக இருந்தன. அது பழத்தின் ஊதாவா, வேறெதாவதா என்று ஹேமாவதிக்குத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் தேய்த்துப் பார்த்தாள். பாதி போனது.

"நேரலையில நிறைய கேள்வி வருதுங்க" என்றது சுருளிராஜனின் குரல். கருத்தரங்கத் தமிழ். "ஒரு சகோதரி கேக்கறாங்க... என்ன மருந்து அடிச்சீங்க, உடனே சொல்லுங்கன்னு."

முழுசையும் அவர் படிக்கவில்லை. கடைசி வரி மட்டும் போதும் என்று நினைத்திருப்பார். விஜய்பாண்டி சிரித்தான். இந்தக் கேள்விக்குப் பழகிய சிரிப்பு.

"பஞ்சகவ்யா. அஞ்சே பொருள். அத நானே குடிச்சிக் காட்டுவேன்."

மண்டபம் கைதட்டியது.

சலீம் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஹேமாவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பை இன்னும் விரட்டினான்.

டாக்டர் லத்திபாவின் ஆஸ்பத்திரி பத்துப் படுக்கை. இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது வருஷமாக வைத்தியம் பார்ப்பவருக்கு இந்த வாடையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிள்ளையை மேஜையில் கிடத்தினார். டார்ச்சால் கண்ணைப் பார்த்தார்.

"கண்ணுப் பாப்பா ஊசிமொனையாட்டம் இருக்கு. எப்பத் தின்னுச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும் டாக்டர். தெரியல."

"என்ன மருந்து?"

"தெரியல."

"எம்மா, தெரியலன்னா? ஒங்க தோட்டந்தான?" நர்ஸிடம் ஏதோ சொன்னார். ஊசி தயாரானது. "நான் பாக்கறத வச்சு ஆரம்பிச்சிர்றேன். ஆனா இப்பல்லாம் ரெண்டு மூணக் கலந்து அடிக்காக. கூட என்ன கலந்ததுன்னு தெரிஞ்சாகணும். பேரு வேணும். அவுகப்பா எங்க?"

சுபாஸ்ரீ போனைத் தூக்கிக் காட்டினாள். டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்தார். திரையில் விஜய்பாண்டி, குழந்தையின் கேள்விக்கு உலகமே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"எழுது" என்றாள் ஹேமாவதி. "பவானிக்குக் கண்ணு சொருகுது. பாளையம் ஆஸ்பத்திரில இருக்கோம். டாக்டர் மருந்து பேரு கேக்காக. இது சுபாஸ்ரீ எழுதறேன் அப்பா."

எழுதியாகிவிட்டது. நேரலை என்பதும் உண்மையில் அரை நிமிஷம் பிந்தித்தான் வரும் என்பது அன்றைக்குத்தான் ஹேமாவதிக்குத் தெரிந்தது. திரையில் இருந்தவன் அரை நிமிஷத்துக்கு முந்திய மனிதன். எதுவும் தெரியாமல் தண்ணீர் குடித்தான். துண்டால் வாயைத் துடைத்தான். 'சமூகம்' என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னான். இந்தப் பக்கம், பிள்ளையின் கால்தசை தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரித் துடித்தது. நர்ஸ் அந்தக் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

படம் ஆடியது. சுருளிராஜன் போனைக் கோலிலிருந்து கழற்றியிருக்க வேண்டும். "சார்... இது வந்து... ஒங்க மகள்னு..." என்று தொடங்கி, எழுதியதை அப்படியே வாசித்தார். இந்த முறை ஒரு வரியையும் விடவில்லை.

விஜய்பாண்டி நின்றான். எதிரே இருநூறு பேர், போனில் நூற்றுப் பத்துப் பேர். அவன் ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தான், ஒரு கணம் போனைப் பார்த்தான். எந்தக் கணத்தில் முடிவு செய்தான் என்று சொல்ல முடியாது. மைக்கைவிட்டு விலகிப் போய்ச் சொல்லியிருக்கலாம், போனைப் பிடுங்கியிருக்கலாம். அதெல்லாம் தோன்றவில்லை. மைக்குக்கு முன்னால் குனிந்து இரண்டு மருந்துகளின் பெயரைச் சொன்னான். ஒன்று செவட்டைக்கு, ஒன்று மாவுப்பூச்சிக்கு. லிட்டருக்கு எத்தனை மில்லி என்பதையும் சொன்னான். அளவில் அவன் எப்போதும் துல்லியம்.

"ரெண்டாவது பேர மறுபடி சொல்லச் சொல்லு" என்றார் டாக்டர் லத்திபா.

கேட்கத் தேவையிருக்கவில்லை. அவனே மறுபடி சொன்னான். மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. இதுவும் பேச்சில் ஒரு உத்தி என்று நினைத்த யாரோ ஒருவர் பின்வரிசையில் கைதட்டியது நேரலையில் தெளிவாகக் கேட்டது. பிறகு படம் நின்றுவிட்டது.

இரண்டு மணிக்கு வயிறு கழுவியாகி, ஊசி ஏறி, பவானியின் முகம் செக்கச் செவேலென்று ஆகியிருந்தது. வாய் உலர்ந்து, கண் பாப்பா இப்போது அகல விரிந்து, இல்லாத எதையோ காற்றில் பிடிக்கக் கையை நீட்டினாள். ஹேமாவதி அலறப் போனாள். "அது நம்ம ஊசி பண்ற வேல. பயப்படாத" என்றார் டாக்டர். "எச்சி நின்னுருச்சு பாரு. அதான் வேணும். ஆனா சாயங்காலம் வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இந்த விஷம் திரும்பி வர்ற சாதி."

கால்மணிக்கு ஒருதரம் நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். அவள் பார்க்கும்போதெல்லாம் ஹேமாவதி அவள் உதட்டைப் பார்த்தாள். எண்ணுகிற உதடு எங்காவது தடுமாறுகிறதா என்று. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைத் தன் மூச்சால் அளந்துகொண்டிருந்தாள். ஒரு மூச்சு கொஞ்சம் தாமதித்தால், அவள் மூச்சும் நின்றது. சுபாஸ்ரீ கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

விஜய்பாண்டி இரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டான். ஜிப்பா நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே வராமல் வாசலில் நின்றான். ஹேமாவதி வெளியே வந்தாள்.

"இந்தப் போகத்துக்கு எத்தன தடவ அடிச்சீக?"

"நாலு."

"போன போகம்?"

அவன் தரையைப் பார்த்தான். "ஏழு."

"வெளியூர்ப் பிள்ளைக வந்து தின்னுச்சே?"

"அதெல்லாம் அடிச்சு இருவது நாள் கழிச்சுத்தான் ஹேமா. கணக்குப் பாத்துத்தான் வரச் சொல்வேன். ரெண்டு போகம் போச்சு. மூணாவதும் போயிருந்தா தோட்டமே..." நிறுத்தினான். "ஒங்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"எனக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"ஒங்க சட்டையத் தொவைக்கிறது யாரு? ரெண்டு தடவ சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. தோட்டக்காரி மகளுக்கு அது தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லிருவீகளோன்னு பயம்" என்றாள் ஹேமாவதி. "சொல்லிட்டா, அப்பறம் அந்தப் பொய்ய நானும் சேந்து சொல்லணும்ல. தெரியாதுன்னு வச்சுக்கிட்டா பாதிப் பொய்யோட போயிரும்னு நெனச்சேன்."

டாக்டர் லத்திபா ஒரு தாளோடு வந்தார். விஷம் என்றால் போலீசுக்குத் தகவல் போக வேண்டும், அது நடைமுறை. விஜய்பாண்டியிடம் பெயர், வயது, ஊர் கேட்டு எழுதினார். "தொழில்?"

"விவசாயம்."

பேனா நின்றது. "பேப்பர்ல படம் வந்துச்சே. இயற்கை விவசாயி, கல்விச் சிந்தனையாளர்னு என்னமோ..."

"வெறும் விவசாயம்னே போடுங்க டாக்டர்."

போட்டார்.

நாலரைக்கு நர்ஸ் பவானியின் கன்னத்தைத் தட்டினாள். "பாப்பா, ஒம் பேரு என்ன?"

ஹேமாவதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அறிவு தெளிந்து கேள்வி கேட்கிறதா, தெளியாமல் கேட்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பயம் மத்தியானத்திலிருந்தே அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"பவானி" என்றது பிள்ளை. நாக்கு ஒட்டியிருந்ததால் மெதுவாக வந்தது. "தண்ணி வேணும். மூணு கொத்துத் தின்னேன். நாலாவது கசந்துச்சு, துப்பிட்டேன்."

ஹேமாவதி அப்போதுதான் அழுதாள். சுபாஸ்ரீயும் அதைப் பார்த்து அழுதாள். வாசலில் நின்றவன் அழுதானா என்பது தெரியவில்லை. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தான்.

ஐந்தரைக்கு அம்மாவாசி வந்தார். செய்தி கேட்டு மருந்து பாட்டில்களை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, பஸ் மாறி வந்திருந்தார். பம்புசெட்டுப் பூட்டை உடைத்த கடப்பாரையும் கையிலேயே வந்துவிட்டது. கடப்பாரையை வாசலில் சாத்திவிட்டுத்தான் உள்ளே போகலாம் என்றாள் நர்ஸ்.

பிள்ளையை எட்ட நின்று பார்த்தார். கும்பிட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார்:

"ஆத்தா, இப்பக் கேக்கப்படாதுதான். மேக்க ஏழு வரிசை அப்பிடியே கெடக்கு. இந்த ஈரத்துல திங்கக்கெழமையத் தாண்டாது. கொத்து ஒண்ணு மிஞ்சாது. என்ன செய்யட்டும்?"

விஜய்பாண்டி மனைவியைப் பார்த்தான். அவள் படியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு போகம் போனது அவளுக்கும் தெரியும். பந்தல் கம்பிக்கு வாங்கிய கடன் எந்தப் பேங்கில் இருக்கிறது என்பதும் தெரியும்.

"அடிங்க" என்றாள். "விடியக்காலைல ஒளிஞ்சு அடிக்க வேணாம். பகல்ல, நாலு பேரு பாக்க அடிங்க."

"அப்பப் பிள்ளைக?" என்றார் அம்மாவாசி.

அவள் உள்ளே போய்ப் பவானிக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பவானியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மதுரையிலிருந்து வருவதாயிருந்த குடும்பம் வரவில்லை. அவர்களும் நேரலை பார்த்திருந்தார்கள். அன்று மாலை ஹேமாவதி ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டாள். "பேர நாங்க எடுக்கவே இல்லையேம்மா. தலைக்கணக்குக் கொறஞ்சா ஒரு டீச்சரத் தூக்கிருவாகன்னு ரெண்டு பேருக்கும் வருகை போட்டுக்கிட்டேதான் இருக்கோம்" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மேற்கே ஏழு வரிசைக்கும் மருந்தடித்தார்கள். அந்நேரத்துக்குப் பிள்ளைகளை வைத்திருக்க வேறு இடம் இல்லாததால், அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.